ஹெச்61 போர்டில் ஐ3-ஐ எடுத்துவிட்டு எந்த பிராசஸர் போடலாம்?

கேள்வி இதுதான்: 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஹெச்61 மதர்போர்டு, கோர் ஐ3-2120 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), விண்டோஸ் 10. டேலி, பிரவுசர், யூடியூப், அவ்வப்போது போட்டோ எடிட்டிங். ஒரு கடையில் நான்காம் தலைமுறை ஐ5 போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு கடையில் எந்த ஐ7 ஆனாலும் உட்காரும் என்கிறார்கள். எதை வாங்குவது?

இரண்டு பேர் சொன்னதும் தவறு. நான்காம் தலைமுறை பிராசஸர் உங்கள் போர்டில் உட்காரவே உட்காராது. ஐ7 என்ற பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்டு. அவற்றில் இரண்டு தலைமுறைகள் மட்டுமே உங்களுக்கு உரியவை. உங்கள் போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மூன்றாம் தலைமுறையை ஏற்குமானால் ஐ5-3470 அல்லது ஐ5-3570 வாங்குங்கள். வீடியோ எடிட்டிங், நூற்றுக்கணக்கான போட்டோக்களை ஒரே மூச்சில் எக்ஸ்போர்ட் செய்வது போன்ற வேலை இருந்தால் ஐ7-3770. பயாஸ் ஏற்காது என்றால் ஐ5-2400, ஐ5-2500, அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐ7-2600. இவ்வளவுதான் தேர்வு. ஆனால் இந்த "ஏற்குமானால்" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் வாங்கி, திரையில் எதுவும் வராமல் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்கு பிராசஸர் முதல் காரணம் அல்ல. விண்டோஸ் 10-ஐ 4 ஜிபி ரேமோடு, சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுகிறீர்கள். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்ததும் ரேம் நிரம்பி, மிச்சம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிறது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, பிராசஸர் 30 சதவீதத்தில் சும்மா இருந்தால் ஐ7 போட்டும் பயனில்லை. முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, இரண்டாவது செலவு ரேம், மூன்றாவதுதான் பிராசஸர். ஹெச்61 சிப்செட்டில் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான்; அதனால் எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும் 500 சொச்சம் எம்பி வேகம் வராது, அதில் பாதிதான் வரும். கவலை வேண்டாம். கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகத் தெரிவது சின்னச் சின்ன கோப்புகளை உடனுக்குடன் எடுப்பதால்தான். அதில் இந்த வரம்பு அவ்வளவாகக் குறுக்கே வராது.

ரேமைப் பொறுத்தவரை ஹெச்61 போர்டில் டிடிஆர்3, இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 8+8 ஆக 16 ஜிபி. இரண்டு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினாலே உங்கள் வேலைக்குப் போதும். இரண்டு ஸ்லாட்டையும் நிரப்புங்கள், இரட்டைச் சேனலில் (இரண்டு வழியில் ஒரே நேரத்தில்) ஓடும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3-இல் "ஏஎம்டி-க்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அது இன்டெல் போர்டில் வேலை செய்யாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமும் அப்படியே. ரேமைக் கூட்டுவதற்கு முன் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபியையே முழுதாகப் பயன்படுத்தாது.

இனி பிராசஸருக்கு வருவோம்.

உங்கள் போர்டின் சாக்கெட் எல்ஜிஏ 1155. அதாவது சாக்கெட்டுக்குள் 1155 மெல்லிய கம்பிகள். 2011 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறையும் (சாண்டி பிரிட்ஜ்), 2012 ஏப்ரலில் வந்த மூன்றாம் தலைமுறையும் (ஐவி பிரிட்ஜ்) இந்த சாக்கெட்டுக்கானவை. முதல் தலைமுறைக்கு 1156, நான்காம் தலைமுறைக்கு 1150. எண்கள் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்தாலும் ஒன்று மற்றொன்றில் உட்காராது. பிராசஸர் ஓரத்தில் உள்ள இரண்டு வெட்டுகளின் இடமே வேறு. தலைமுறையை எண்ணிலிருந்தே படிக்கலாம்: 2400 என்றால் இரண்டு, 3470 என்றால் மூன்று, 4570 என்றால் நான்கு.

"சாக்கெட் ஒன்றுதானே, ஓடும்" என்பது பாதி உண்மை. எல்ஜிஏ 1151-ஐப் பாருங்கள். ஹெச்110 போர்டில் ஆறாம், ஏழாம் தலைமுறை ஓடும். எட்டாம் தலைமுறை ஐ5-8400-க்கும் அதே 1151 சாக்கெட்தான், கச்சிதமாக உட்காரவும் செய்யும், ஆனால் ஓடாது. மின்சாரம் செல்லும் கம்பிகளின் ஒதுக்கீட்டை இன்டெல் மாற்றிவிட்டது. ஆகவே உட்காருவது வேறு, ஓடுவது வேறு.

1155-இல் இந்தச் சிக்கல் சிப்செட்டிலும் பயாஸிலும் இருக்கிறது. ஹெச்61, ஹெச்67, பி67, இசட்68 ஆகிய ஆறாம் வரிசை சிப்செட்டுகள் பயாஸ் அப்டேட் செய்தால் மூன்றாம் தலைமுறையை ஏற்கும். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் வரும் பி65, க்யூ65, க்யூ67 மூன்றுக்கும் இன்டெல் அந்த ஆதரவைத் தரவில்லை. பி75, ஹெச்77, க்யூ77, இசட்77 போன்ற ஏழாம் வரிசை இரண்டு தலைமுறைகளையும் ஏற்கும். இதனால்தான் டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990, ஹெச்பி 6200 ப்ரோ, 8200 எலைட், லெனோவோ எம்81, எம்91பி வைத்திருப்பவர்கள் இரண்டாம் தலைமுறையோடு நிற்க வேண்டும். அடுத்து வந்த ஆப்டிபிளெக்ஸ் 7010, ஹெச்பி 6300 ப்ரோ, 8300 எலைட், லெனோவோ எம்82, எம்92பி ஆகியவற்றில் மூன்றாம் தலைமுறை தாராளமாக ஓடும்.

சிப்செட் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு டெல்லிலேயே சாட்சி இருக்கிறது. ஆப்டிபிளெக்ஸ் 390-உம் ஹெச்61, ஆப்டிபிளெக்ஸ் 3010-உம் ஹெச்61. 3010 மூன்றாம் தலைமுறையை ஏற்கும். 390-க்கான பயாஸில் அந்த ஆதரவே கிடையாது. எனவே "எனக்கு ஹெச்61" என்று கடையில் சொல்வதை விட்டுவிட்டு, போர்டின் முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

அந்தப் பெயரை எடுப்பது எளிது. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு மேனுஃபாக்சரர், பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரிகள் இருக்கும். அதே பக்கத்தில் பயாஸ் வெர்ஷனும் தேதியும் இருக்கும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெயின்போர்டு டேபிலும் இவை கிடைக்கும், கூடவே சிப்செட் பெயரும் வரும். சில போர்டுகளில் தயாரிப்பாளர் பெயரை நிரப்பாமலே விட்டிருப்பார்கள். அப்போது கேபினட்டைத் திறந்து, ரேம் ஸ்லாட்டுக்கும் சாக்கெட்டுக்கும் இடையிலோ, கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கு அருகிலோ பெரிய எழுத்தில் அச்சிட்ட பெயரைப் பாருங்கள். ஜிகாபைட் போர்டாக இருந்தால் மூலையில் ரெவிஷன் எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ரெவிஷனுக்கு வெவ்வேறு பயாஸ். மாற்றி ஏற்றினால் போர்டு எழாது.

பெயர் கிடைத்ததும் தயாரிப்பாளர் தளத்தில் அந்த போர்டுக்கான சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறங்கள். பிராசஸர் பெயர், வாட், கடைசிப் பத்தியில் "எந்த பயாஸிலிருந்து" என்று இருக்கும். ஐ5-3470-க்கு நேரே உள்ள பயாஸ் எண்ணும், நீங்கள் எழுதி வைத்த எண்ணும் ஒப்பிட வேண்டிய இரண்டு. உங்களுடையது அதே எண் அல்லது அதற்கு மேல் என்றால் அப்படியே பிராசஸரை மாற்றலாம். குறைவு என்றால் முதலில் அப்டேட். பட்டியலில் மூன்றாம் தலைமுறையே இல்லை என்றால், அல்லது பட்டியலே கிடைக்காத பிராண்டு என்றால், இரண்டாம் தலைமுறையை வாங்குங்கள். உங்கள் ஐ3-2120 ஓடுகிற போர்டில் அதே தலைமுறையின் ஐ5-2400-க்கு பயாஸ் தடை வருவது அரிது. வாட் வரம்பை மட்டும் பார்த்தால் போதும்.

பயாஸ் அப்டேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மொத்த வேலையில் ஆபத்தான இடம் இது ஒன்றுதான். மூன்றாம் தலைமுறைக்கு பயாஸ் மட்டும் மாறினால் போதாது. பயாஸ் சிப்புக்குள் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று ஒரு தனி ஃபர்ம்வேர் (சிப்பிலேயே எழுதிய மென்பொருள்) இருக்கிறது. ஆறாம் வரிசை போர்டுகள் அதன் 7-ஆம் பதிப்போடு வந்தவை, ஐவி பிரிட்ஜுக்கு 8-ஆம் பதிப்பு தேவை. பல போர்டுகளில் பயாஸ் கோப்போடு இதுவும் சேர்ந்தே மாறும். சிலவற்றில் இதைத் தனியே முதலில் ஏற்ற வேண்டும். டவுன்லோடு பக்கத்தில் பயாஸ் எண்ணுக்குக் கீழே இரண்டு வரி குறிப்பு போட்டிருப்பார்கள். அதை வரிவரியாகப் படியுங்கள். "முதலில் இந்த வெர்ஷனுக்கு வந்துவிட்டுப் பிறகு அடுத்ததுக்குப் போகவும்" என்றோ, "ஏற்றிய பின் பழையதற்குத் திரும்ப முடியாது" என்றோ இருக்கலாம். படிக்காமல் நேரே கடைசி வெர்ஷனைப் போடுவதால்தான் பாதி விபத்துகள்.

இதையெல்லாம் பழைய ஐ3 போர்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். புதிய பிராசஸரைப் போட்டபின் பழைய பயாஸில் திரையே வராது, திரை வராமல் அப்டேட்டும் செய்ய முடியாது. ஆகையால் ஐ3-ஐக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பை அன்சிப் செய்து போடுங்கள். அப்டேட்டை விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதைவிட பயாஸுக்குள்ளிருந்தே செய்வது பாதுகாப்பு: ஆசுஸில் ஈஇசட் ஃபிளாஷ், ஜிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், எம்எஸ்ஐ-யில் எம்-ஃபிளாஷ், ஆஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஓரிரு நிமிடம் எடுக்கும் வேலைதான், அந்த நேரத்தில் கரண்ட் போனால் போர்டு ஊமையாகிவிடும். அப்படி ஆனாலும் முழு நஷ்டம் அல்ல. பல ஹெச்61 போர்டுகளில் பயாஸ் சிப் எட்டுக் கால்களோடு சிறிய சாக்கெட்டில் செருகியிருக்கும். லேப்டாப் சர்வீஸ் கடைகளில் புரோகிராமர் வைத்து அதில் மீண்டும் எழுதித் தருவார்கள்.

அப்டேட்டுக்கு முன் இன்னொன்று, பலர் தவறவிடுவது. பயாஸுக்குள் போய் சாட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஐடிஇ-யா ஏஹெச்சிஐ-யா என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஆனதும் எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குப் போய்விடும். ஏஹெச்சிஐ-யில் போட்ட விண்டோஸை ஐடிஇ மோடில் எழுப்பினால் லோகோ வந்ததும் நீலத் திரை காட்டி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். "பிராசஸர் மாற்றியதால் விண்டோஸ் போய்விட்டது" என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடுவார்கள். சாட்டா மோடைப் பழையபடி வைத்தால் உடனே திறக்கும். பிராசஸர் மாற்றுவதற்காக விண்டோஸை மறுபடி நிறுவத் தேவையே இல்லை.

எந்த எண்ணை வாங்குவது என்பதில் எழுத்துகள்தான் ஏமாற்றும். ஐ5-3470 என்றால் நான்கு கோர், 3.2 முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். ஐ5-3470எஸ் என்றால் அதே நான்கு கோர், கொஞ்சம் வேகம் குறைத்து 65 வாட்; தாராளமாக வாங்கலாம், சிறிய கேபினட்டுக்கு இதுவே நல்லது. ஆனால் ஐ5-3470டி (3470T) என்று இருந்தால் நிறுத்துங்கள். அது 35 வாட், இரண்டே கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைகள்). ஐ5 என்ற பெயரில் ஏறக்குறைய உங்கள் ஐ3-ஐயே மறுபடி வாங்கி வருவீர்கள். இரண்டாம் தலைமுறையில் ஐ5-2390டி-யும் இதே ரகம். பெயரில் பி (P) வரும் ஐ5-3350பி-யில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்களுக்கு உதவாது. கே வரும் 2600கே, 3770கே ஆகியவற்றுக்கு விலை கூடுதல், ஆனால் அந்த எழுத்தின் பலன் ஓவர்கிளாக்கிங், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஹெச்61-இல் அது முடியாது. அதிகப் பணத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இன்டெல்லின் சர்வர் வகை பிராசஸரான ஜியான் இ3-1230 வி2 பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நான்கு கோர், எட்டு திரெட், 69 வாட், ஐ7-3770-க்கு மிக அருகில் நிற்கும். போர்டின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்து, கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் நல்ல தேர்வுதான். கார்டு இல்லை என்றால் மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அந்தச் சிப்பில் கிராபிக்ஸ் இல்லை.

இப்போது எதிர்பார்ப்பு. ஐ3-2120 இரண்டு கோர், நான்கு திரெட், 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தேவைப்படும்போது தானே வேகம் கூட்டுவது) கிடையாது. ஐ5-3470 ஒற்றைக் கோர் வேலையில் இதைவிடச் சுமார் 15 சதவீதம்தான் வேகம். டேலி, எக்செல் போன்றவற்றில் அது கண்ணுக்கே தெரியாது. பல கோர்களைப் பிடித்து ஓடும் வேலையில் வித்தியாசம் பெரிது: போட்டோ எக்ஸ்போர்ட், வீடியோ மாற்றுவது, பின்னணியில் ஆன்டிவைரஸ் ஓடும்போது முன்னால் வேலை செய்வது. யூடியூபிலும் தெரியும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்பும் விபி9 வீடியோவை விரிக்கும் பகுதி இந்த இரண்டு தலைமுறைகளின் கிராபிக்ஸிலும் இல்லை. முழுச் சுமையும் கோர்கள் மீது விழுகிறது. 1080பி, 60 ஃபிரேம் வீடியோ ஓடும்போது இரண்டு கோர் திணறுகிற இடத்தில் நான்கு கோர் நிம்மதியாக ஓட்டும். ஐ5-இலிருந்து ஐ7-3770-க்குப் போவதால் கிடைப்பது எட்டு திரெட். உங்கள் வேலைப் பட்டியலைப் பார்த்தால் அந்தக் கூடுதல் பணம் எஸ்எஸ்டி-க்குப் போவதே சரி.

விண்டோஸ் 11-ஐயும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். ஐ7-3770 போட்டாலும் அந்தப் பட்டியலுக்குள் நீங்கள் வரப்போவதில்லை. எனவே எஸ்எஸ்டி, ரேம், பிராசஸர் மூன்றும் சேர்ந்து எட்டாம் தலைமுறை பழைய அலுவலகக் கம்ப்யூட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால், பிராசஸரை விட்டுவிட்டு எஸ்எஸ்டி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எஸ்எஸ்டி-யைக் கழற்றி அடுத்த கம்ப்யூட்டரில் போடலாம். 1155 பிராசஸரையும் டிடிஆர்3 ரேமையும் எங்கேயும் கொண்டுபோக முடியாது.

எஸ்எம்பிஎஸ் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 65 வாட்டிலிருந்து 77-க்குப் போகிறீர்கள், கூடுதல் 12 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மாதிரி கம்ப்யூட்டர் முழுச் சுமையிலும் 150 வாட்டைத் தாண்டாது. ஐ7-2600, ஐ5-2400 இரண்டும் 95 வாட் வகை; அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை விட போர்டின் மீது எனக்குக் கவனம் அதிகம். சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றாவது உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்குப் புதிய பிராசஸர் வாங்காதீர்கள். சில சிறிய போர்டுகள் 65 வாட்டோடு நின்றுவிடும். சப்போர்ட் பட்டியலிலேயே தெரியும்.

பழைய பிராசஸர்தான் கிடைக்கும், புதிதாக இவை வருவதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது மேல் மூடியில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். பெயருக்குக் கீழே எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும்: ஐ7-3770-க்கு SR0PK, ஐ5-3470-க்கு SR0T8, ஐ7-2600-க்கு SR00B. பெயரும் குறியீடும் பொருந்தாவிட்டால் மூடியைத் தேய்த்து மறுபடி பொறித்தது. "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று இருந்தால் அது சோதனைக்காக உருவாக்கிய மாதிரி. போர்டு ஏற்கும் என்று சொல்ல முடியாது. திருப்பிப் பார்த்தால் தங்க நிறப் புள்ளிகள் சுத்தமாக இருக்க வேண்டும், நடுவிலுள்ள குட்டிக் குட்டி கெபாசிட்டர்களில் ஒன்றும் உதிர்ந்திருக்கக் கூடாது. பிராசஸர் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் அல்ல. கெடுவது பெரும்பாலும் கழற்றி மாட்டும் கையால். கடையில் கேட்கும்போது "சிபியு" என்று கேட்காமல் "பிராசஸர்" என்றே கேளுங்கள், சிபியு என்றால் முழுப் பெட்டியை எடுத்து வைப்பார்கள்.

மாட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பல வருடத்துத் தெர்மல் பேஸ்ட் சூட்டில் இளகும், ஹீட் சிங்க் எளிதாக வரும். பிறகு நிறுத்தி, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி வைத்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஃபேன் வயரைக் கழற்றுங்கள். ஹீட் சிங்க்கின் நான்கு கறுப்புக் கால்களையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். நேராகப் பிடுங்காமல் ஹீட் சிங்கை லேசாக இடமும் வலமும் திருகி எடுங்கள்.

லீவரைத் தூக்கி, மேல் தகட்டைத் திறந்து, பழைய பிராசஸரை இரண்டு ஓரத்தையும் பிடித்து நேரே மேலே எடுங்கள். இப்போது தெரியும் சாக்கெட்தான் இந்தக் கம்ப்யூட்டரின் மிக மென்மையான இடம். மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கம்பிகளின் நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வரிசை வரிசையாக நெல் வயல் போல ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் மினுக்கம் மாறினால் அங்கே கம்பி வளைந்திருக்கிறது. விரலை உள்ளே விடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். துணியின் ஒரு நூல் சிக்கினாலே நாலைந்து கம்பி வளைந்துவிடும். தூசி இருந்தால் புளோயர் பம்பு போதும்.

புதிய பிராசஸரின் ஒரு மூலையில் தங்க முக்கோணம் இருக்கும், ஓரங்களில் இரண்டு வெட்டுகள். சாக்கெட்டில் அந்த வெட்டுகளுக்கு நேரே இரண்டு மேடுகள். பொருத்திப் பார்த்து நேரே கீழே வையுங்கள். தள்ளவோ நகர்த்தவோ கூடாது. அது தானாகவே அமரும். தகட்டை மூடி லீவரை அழுத்தும்போது நறநறவென்று சத்தம் வரும், கை வலிக்கிற அளவு பலம் வேண்டும். அது இயல்பு. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஹீட் சிங்க்கிலிருந்து முழுதாகத் துடைத்துவிட்டு, பிராசஸர் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். விரலால் பரப்ப வேண்டாம்.

ஐ3-யோடு வந்த ஹீட் சிங்க் உயரம் குறைந்த முழு அலுமினியமாக இருந்தால், 77 வாட் பிராசஸரை அது நம் ஊர் வெயில் காலத்தில் கஷ்டப்பட்டுத்தான் தாங்கும். நடுவில் செம்பு வட்டம் உள்ள இன்டெல் ஹீட் சிங்கைத் தேடி வாங்குங்கள். 1150, 1151, 1200 சாக்கெட்டுகளுக்கானதும் இதே துளை இடைவெளியில் பொருந்தும். 775-க்கானது பொருந்தாது, 1700-க்கானதும் பொருந்தாது. மாட்டும்போது நான்கு கால்களையும் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்கெதிராக இரண்டிரண்டாக "டக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஒரு கால் பதியாமல் விட்டாலும் வெப்பம் ஏறும். ஒவ்வொரு காலையும் மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபேன் வயரை மறக்காமல் சிபியு ஃபேன் என்று போட்ட இடத்தில் மாட்டுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது ஓரிரு முறை தானே அணைந்து எழலாம், பொறுங்கள். புதிய பிராசஸர் வந்திருக்கிறது என்று ஒரு செய்தி வந்தால் பயாஸுக்குள் போய், படம் எடுத்து வைத்த சாட்டா மோடைச் சரிபார்த்து, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

திரையே வரவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். சாக்கெட்டுக்கு அருகில் செருகும் நான்கு முனை 12 வோல்ட் கனெக்டர் கழன்றிருக்கிறதா? பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவைத்துப் போட்டால் எழுகிறதா? ஒரே ஒரு ரேமை வைத்து, ஸ்லாட் மாற்றி முயன்றால்? ஒரு ஸ்லாட்டில் மட்டும் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் சாக்கெட் கம்பி வளைந்ததற்கு அதுவே அடையாளம். அந்தச் சேனலின் கம்பி தொடவில்லை. இவை எதுவும் இல்லை என்றால் பழைய ஐ3-ஐ மறுபடி மாட்டிப் பாருங்கள். அது எழுந்தால் பயாஸ் அல்லது பிராசஸர், அதுவும் எழாவிட்டால் மாட்டும்போது ஏதோ நேர்ந்திருக்கிறது.

எழுந்துவிட்டது என்றால் உடனே கேபினட்டை மூடாதீர்கள். வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ-வைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற ஏதாவதொன்றை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது சரி. சுமையிலும் அங்கேயே நின்றால் சரியில்லை. வெப்பம் 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. 90-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஹீட் சிங்க்கின் ஒரு கால் பதியவில்லை, கழற்றி மறுபடி பேஸ்ட் வைத்து மாட்டுங்கள். 105 டிகிரியை நெருங்கினால் ஐவி பிரிட்ஜ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்து ஒரு வாரம் ஓடிய பிறகு ஐ3-ஐ விற்கலாம்.